கைபிங்: டாலர் கட்டிய கிராமங்கள்

நம் குடியிருப்பில் சிங்கப்பூர், மலேசியா, துபாய் போய்வராதவர்கள் குறைவு. சீனா போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். போனவர்களும் பெருஞ்சுவர், பெய்ஜிங் அரண்மனை, ஷாங்காய் கோபுரங்கள் என்று ஒரு வாரத்தில் சுற்றித் திரும்பிவிடுகிறார்கள். இந்தக் காலாண்டு இதழில் உங்களை அழைத்துப்போக நினைக்கும் இடம் அந்தப் பட்டியலில் இருக்காது. தெற்கே குவாங்டோங் மாகாணத்தில், குவாங்சோ நகரிலிருந்து தென்மேற்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி கைபிங் என்றொரு வட்டாரம் இருக்கிறது. பழைய வீடுகள் கொண்ட சின்னச் சின்னக் கிராமங்கள், சுற்றிலும் நெல்வயல்.

வயல் என்றதும் தஞ்சாவூர்ப் பக்கம்போலக் கற்பனை செய்துகொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் அந்த வயலின் நடுவே ஐந்து மாடி, ஆறு மாடிக்குக் கான்கிரீட் கோபுரங்கள் நிற்கின்றன. உச்சியில் ரோமானியத் தூண்கள், அரைவட்ட வளைவுகள், சிலவற்றில் கும்மட்டம். ஜன்னல்களோ மிகச் சிறியவை, அவற்றுக்கும் இரும்புக் கதவு. சீனாவா ஐரோப்பாவா என்று ஒரு நிமிடம் குழப்பம் வரும். இந்தக் கோபுர வீடுகளுக்கு ‘தியாவ்லோ’ என்று பெயர். இன்று 1,800க்கும் மேல் மிஞ்சியிருக்கின்றன. இவற்றில் 20ஐயும் அவை நிற்கும் கிராமங்களையும் யுனெஸ்கோ 2007இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கிராமத்தின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். முன்னால் ஒரு குளம், பக்கத்தில் நெல் உலர்த்தும் களம், நுழைவாயிலில் ஆலமரம், பின்புறம் மூங்கில் காடு. நடுவில் சாம்பல்நிறச் செங்கல் வீடுகள், சதுரங்கக் கட்டம்போல வரிசை வரிசையாக. ஒவ்வொரு வீடும் ஏறத்தாழ ஒரே அச்சு: மூன்று அறை, இரண்டு பக்கமும் தாழ்வாரம், நடுவே முற்றம். சந்துகள் ஒருவர் குடை பிடித்து நடக்கும் அகலம்தான். கோபுரங்கள் பெரும்பாலும் ஊரின் பின்வரிசையில் இருக்கும்.

நான் போன நாளில் மாசியாங்லோங் கிராமத்தில் மூங்கில் உரசும் ஓசையும் எங்கோ ஒரு கோழியும்தான். களத்தில் வெயில் காய்ந்துகொண்டு நாலைந்து முதியவர்கள். வீடுகளில் பாதிக்குமேல் பூட்டு. சுற்றுலாப் பிரசுரங்கள் இதைக் ‘காலம் உறைந்த அமைதி’ என்று எழுதுகின்றன. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. அந்த அமைதிக்குக் காரணங்கள் உண்டு, காரணங்களுக்குத் தேதிகளும் உண்டு.

கைபிங், தைஷான், ஷின்ஹுய், என்பிங் ஆகிய நான்கு வட்டாரங்களையும் சேர்த்து ‘நான்கு வட்டாரம்’ என்றே சொல்வார்கள். விளைநிலம் குறைவு, வாய்கள் அதிகம், அடிக்கடி வெள்ளம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உள்நாட்டுச் சண்டைகள் வேறு. அந்த நேரத்தில்தான் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி 1848இல் வந்தது. ஆண்கள் கப்பலேறினார்கள். அமெரிக்காவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘தங்கமலை’. போய்த் திரும்பியவருக்குத் தங்கமலை விருந்தாளி என்று பட்டம். தங்கம் தீர்ந்தபின் ரயில்பாதை போட்டார்கள். அமெரிக்காவின் கண்டம் கடந்த ரயில்பாதையில் மேற்குப் பகுதியைப் போட்ட சென்ட்ரல் பசிஃபிக் கம்பெனியிடம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் வேலை செய்தார்கள். பாதை 1869இல் முடிந்தது. அதன்பிறகு சலவைக்கடை, சாப்பாட்டுக்கடை, காய்கறித் தோட்டம்.

வேலை முடிந்ததும் ஆள் வேண்டாம் என்றாகிவிட்டது. 1882இல் அமெரிக்கா சீனத் தொழிலாளிகள் உள்ளே வரத் தடைச் சட்டம் போட்டது. ஒரு நாட்டின் பெயரைச் சொல்லியே போட்ட சட்டம் அது. ஏற்கெனவே அங்கே இருந்தவருக்குக் குடியுரிமை கிடையாது. தொழிலாளியாக இருந்தால் மனைவியை அழைத்துக்கொள்ளவும் முடியாது. கனடா வேறு வழியில் போனது: 1885இல் தலைக்கு 50 டாலர் வரி, 1903இல் அதையே 500 டாலர் ஆக்கியது, 1923இல் கதவையே சாத்திவிட்டது. அமெரிக்கத் தடை நீங்கியது 1943இல்தான். நீங்கியபிறகும் வருடத்துக்குச் சீனர் 105 பேர் வரலாம் என்று ஒரு கோட்டா. நான் எண்ணில் பிழை விடவில்லை, நூற்றைந்து பேர்தான்.

இதன் விளைவு கைபிங் வீடுகளுக்குள் நடந்தது. கணவன் கடல் கடந்து பத்து வருடம், பதினைந்து வருடம். ஊர் வந்தால் ஓராண்டு தங்குவான். வீடு கட்ட ஏற்பாடு செய்வான், ஒரு குழந்தை பிறக்கும், திரும்பிவிடுவான். சில கல்யாணங்களில் மாப்பிள்ளை வரவே முடியாது. அவருக்குப் பதில் ஒரு சேவலை வைத்துச் சடங்கை முடித்துப் பெண்ணை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். ஆள் தாண்ட முடியாத எல்லையைப் பணம் மட்டும் தாண்டியது. அந்தப் பணம் எப்படித் தாண்டியது என்பதை ஒரு பழைய வங்கிக்காரனாகக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல என்னை அனுமதிக்க வேண்டும்.

அந்தக் கிராமங்களில் தபால் நிலையமே இல்லாத காலம். சான் பிரான்சிஸ்கோவில் சலவைக்கடை வைத்திருப்பவர், தன் ஊர்க்காரர் நடத்தும் மளிகைக்கடைக்குப் போவார். வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதி, பணத்தையும் கட்டுவார். எழுதத் தெரியாதவருக்குக் கடைக்காரரே எழுதிக்கொடுப்பார். தொகை கடித உறையின் மேலேயே எழுதப்படும். கடை அதை ஹாங்காங்கில் உள்ள ‘தங்கமலை கம்பெனி’ ஒன்றுக்கு அனுப்பும். இவை ஏற்றுமதி இறக்குமதி செய்யும் கடைகள். கப்பல் டிக்கெட், தங்க இடம், பணமாற்று எல்லாம் அங்கேயே நடக்கும். ஹாங்காங்கிலிருந்து கைபிங் சந்தை ஊர்க் கடைக்கு. அங்கிருந்து ஓர் ஆள் குடையும் பையுமாக வயல் வரப்பில் நடந்து கிராமத்துக்கு வருவார். அவருக்கு ஊர்சுற்றும் குதிரை என்று செல்லப்பெயர். பணத்தை எண்ணிக் கொடுப்பார், கடிதத்தைப் படித்துக் காட்டுவார், பதில் கடிதத்தை வாங்கிக்கொண்டு போவார். அந்தப் பதில்தான் ரசீது. அது தங்கமலைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு முடிந்தது.

எங்கள் கிளைகளில் மெயில் டிரான்ஸ்ஃபருக்கு அட்வைஸ், அக்னாலெட்ஜ்மென்ட் என்று எத்தனை படிவம் வைத்திருந்தோம்! இங்கே பணமும் கடிதமும் ஒன்று, ரசீதும் கடிதமும் ஒன்று. இதற்கு ‘வெள்ளிக் கடிதம்’ என்றே பெயர், வெள்ளி என்றால் பணம். பின்னாளில் ஹாங்காங் வங்கிகளின் மேல் எழுதிய டிராஃப்ட்களும் வந்தன. ஆங்கிலச் ‘செக்’கைக் காண்டனீஸ் வாயில் போட்டு அவற்றுக்கு ஒரு பெயர் வைத்தார்கள், கிராமத்துக் கடைகளே அவற்றை வாங்கிப் பணம் கொடுத்தன. தெற்குச் சீனாவில் எஞ்சியிருக்கும் இப்படிப்பட்ட கடிதங்களை யுனெஸ்கோ 2013இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. என் கருத்தில் கோபுரங்களைவிட இவைதான் பெரிய சொத்து. சாப்பாட்டுச் செலவு இவ்வளவு, பையன் பள்ளிச் சம்பளம் இவ்வளவு, சித்தப்பாவுக்கு இவ்வளவு என்று ஒரு கணவன் வருடக்கணக்கில் கணக்குமூலமாகவே குடும்பம் நடத்தியது அவற்றில்தான் தெரியும்.

தந்தை அழைத்துக்கொள்ள முடியாத மகன் எப்படிப் போனான்? இதற்கு விடை வீட்டு வரிசையில் இருக்கிறது. கிராமம் சதுரங்கக் கட்டம்போல என்றேன் அல்லவா? 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. ‘நான் இங்கேதான் பிறந்தேன்’ என்று ஒரு சீனர் சொன்னால் இல்லை என்று காட்ட ஏடு இல்லை. அமெரிக்கக் குடிமகன் என்றானபின் அவருடைய பிள்ளைகளுக்கு வர உரிமை உண்டு. எத்தனை பிள்ளை என்பதை அவரே சொல்லலாம். இல்லாத மகன் பெயரையும் எழுதி, அந்த இடத்தை ஊரில் இன்னொருவர் பிள்ளைக்கு விற்றார்கள். இவர்களைத்தான் காகித மகன்கள் என்பது.

அதிகாரிகள் சும்மா இருப்பார்களா? 1910 முதல் 1940 வரை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவில் ஒரு முகாம் இருந்தது. வந்திறங்கிய பையனை அங்கே வாரக்கணக்கில், சிலரை மாதக்கணக்கில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டார்கள். உன் வீடு எத்தனையாவது வரிசை? அந்த வரிசையில் எத்தனையாவது? எதிர்வீட்டில் யார்? வீட்டு வாசலுக்கு எத்தனை படி? அரிசிப் பானை எந்த மூலையில்? கிணறு எவ்வளவு தூரம்? அதே கேள்விகள் தந்தை என்று சொல்பவரிடமும் போகும். இரண்டு பதிலும் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பல். நாங்கள் கேஒய்சி என்ற பெயரில் வாடிக்கையாளரைப் படுத்தியது இதன் முன் தூசு. நிஜ மகனுக்குமே இது ஆபத்துதான். பிறந்த வீட்டுக்கு எத்தனை படி என்று உங்களில் யாருக்கு உடனே சொல்லத் தெரியும்? பிள்ளைகள் ஊரின் வரைபடத்தையே பாடமாக எழுதிவைத்துக் கப்பலில் மனப்பாடம் செய்தார்கள். இறங்குமுன் அந்தத் தாளைக் கடலில் போட்டுவிடுவது வழக்கம். இன்று நாம் கேமராவோடு நடக்கும் அந்தச் சந்துகளை ஒருவன் நெட்டுருப் போட்டான் என்பதை நினைத்துக்கொண்டு நடந்து பாருங்கள்.

கோபுரங்கள் ஏன் வந்தன என்பதற்கு வருகிறேன். பணம் வரும் வீடு என்று தெரிந்தால் கொள்ளைக்காரனுக்கும் தெரியும். 1911இல் மன்னராட்சி போனபின் அரசாங்கம் என்று சொல்லும்படி அங்கே ஒன்றும் இல்லை. கொள்ளைக்கூட்டங்கள் பகலிலேயே வந்தன. பொருளைவிட ஆளைத் தூக்கிப்போய்ப் பணயம் கேட்பது லாபகரமான தொழிலாக இருந்தது. கோபுரம் என்ற எண்ணம் பழையதுதான். சான்மென்லி கிராமத்தில் குவான் குலத்தார் கட்டிய மூன்றடுக்கு யிங்லோங் கோபுரம் 1522க்கும் 1566க்கும் இடைப்பட்ட மிங் வம்ச காலத்தது, வெறும் செங்கல். அதை வெள்ளத்துக்கும் கள்ளனுக்குமாகச் சேர்த்துக் கட்டினார்கள். ஆனால் பெரும்பாலான கோபுரங்கள் 1920களிலும் 30களிலும் எழுந்தவை. அதற்கு ஒரு சம்பவமும் தூண்டுதல். 1922 டிசம்பரில் ஒரு கூட்டம் சிக்கான் ஊரில் கைபிங் நடுநிலைப் பள்ளியைத் தாக்கி, தலைமையாசிரியரையும் மாணவர்களையும் பிடித்துக்கொண்டு போனது. வழியில் ஒரு கிராமத்துக் கோபுரத்தின் தேடுவிளக்கு வெளிச்சத்தில் அவர்கள் அகப்பட்டார்கள். ஊர்க்காவலர்கள் சூழ்ந்து பிள்ளைகளை மீட்டுவிட்டார்கள். செய்தி தங்கமலைக்கு எட்டியதும் கோபுரம் கட்டவென்றே பணம் வந்து குவிந்தது.

சிமென்ட்டும் கம்பியும் வெளிநாட்டிலிருந்து ஹாங்காங் வழியாக வந்தன. சிமென்ட்டுக்கு உள்ளூரில் ‘செம்பட்டை முடிக்காரன் மண்’ என்று பெயர், வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்பதால். மேல்மாடி மூலைகளில் குருவிக்கூடு ஒட்டியதுபோல ஒரு பிதுக்கம் இருக்கும், அதற்குள் கீழ்நோக்கித் துப்பாக்கித் துளைகள். அலங்காரத்துக்கோ கணக்கே இல்லை. அயல்நாட்டில் பார்த்ததையும் படத்தபாலில் பார்த்ததையும் கலந்து உள்ளூர்க் கொத்தனாரிடம் சொல்லிக் கட்டவைத்தார்கள். ஜின்ஜியாங்லி கிராமத்து ருய்ஷி கோபுரம் ஒன்பது தளம். 1920களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் பணமாற்றுக் கடையும் மருந்துக்கடையும் நடத்திய ஹுவாங் பிஷியூ கட்டியது. கைபிங்கிலேயே உயரமானது என்று எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள். எனக்கென்னவோ நம் துறைக்காரர் கொஞ்சம் அதிகமாகவே செலவழித்துவிட்டார் என்று தோன்றியது.

கோபுரங்கள் மூன்று வகை. பாதிக்குமேல் ஒரே குடும்பம் தனக்கென்று கட்டியவை. சில காவல்கோபுரங்கள். ஃபாங் குலத்தாரின் கோபுரம் ஒன்று 1920இல் ஜெனரேட்டர், தேடுவிளக்கு சகிதம் கட்டப்பட்டது. மூன்றாவது வகைதான் நம் அசோசியேஷன் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது: ஊர்க்காரர்கள் பங்கு போட்டுக் கட்டியது. மாசியாங்லோங்கின் தியன்லு கோபுரம் 1925இல் 29 குடும்பங்கள் சேர்ந்து எழுப்பியது. ஏழு தளம், 21 மீட்டர் உயரம். முதல் ஐந்து தளங்களில் 29 அறைகள், குடும்பத்துக்கு ஒன்று. மேல் இரண்டு தளம் பொது. கொள்ளைப் பயம் இருந்த இரவுகளில் அங்கே போய்ப் படுத்தார்கள். 1925இல் அபார்ட்மென்ட்! ஜெனரேட்டர் ரூம் விஷயத்தில் நாம் ஒன்றரை வருடமாக ஒரு தீர்மானம் நிறைவேற்ற முடியாமல் இருக்கிறோம். அவர்கள் 29 பேரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், பணம் போட்டவர்களில் பலர் வேறு கண்டத்தில். கொள்ளைக்காரர்கள் ஒழிந்தபிறகும் அந்தக் கட்டடம் வீண்போகவில்லை. 1960களின் பெருவெள்ளங்களில் ஊரே அதில் ஏறித் தப்பியது.

ஜிலி கிராமத்தில் ஒன்பது கோபுரங்கள். சினிமாக்காரர்கள் கைங்கரியத்தால் கூட்டமும் அதிகம். 2010இல் வந்த ‘லெட் த புல்லட்ஸ் ஃப்ளை’ படத்தில் வில்லன் வீடாக வருவது இங்குள்ள மிங்ஷி கோபுரம்தான். 1925இல் அமெரிக்காவில் சம்பாதித்த ஒருவர் கட்டியது. உள்ளே கட்டில், நாற்காலி, பெட்டிகள், படங்கள் எல்லாம் விட்டுப்போனபடி இருக்கின்றன. மேலே முன்னோர் பூஜை மாடம். நாற்காலிகளில் உட்கார்ந்து தேய்ந்த அடையாளம் அவ்வளவாக இல்லை என்பது என் கண்ணில் பட்டது.

நின்றுபோனது ஒரே நாளில் அல்ல. 1937இல் ஜப்பான் போர். 1941 டிசம்பரில் ஹாங்காங் விழுந்தது. வெள்ளிக் கடிதம் வரும் வழி முழுக்க அதன் வழியாகத்தானே! அனுப்பியவர் கையில் பணம் இருந்தது, வாங்குகிறவர் பசியில் இருந்தார், நடுவில் வழி இல்லை. 1943இல் இந்த வட்டாரத்தில் கடும் பஞ்சம். தங்கமலைப் பணத்தையே நம்பி உழவை விட்டிருந்த வீடுகள்தான் அதிகம் அடிவாங்கின. போர் முடிந்து கொஞ்சம் வந்தது. கொரியப் போர் மூண்டதும், 1950 டிசம்பரில் அமெரிக்கா சீனாவோடு எல்லாப் பணப் பரிவர்த்தனையையும் முடக்கிவிட்டது. இதற்குள் போகமுடிந்தவர்கள் ஹாங்காங் வழியாகக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் தள்ளிப் போயிருந்த கணவனை சில மனைவிமார்கள் அப்போதுதான் போய்ச் சேர்ந்தார்கள். சிலர் போகவேயில்லை, கோபுரத்தின் கீழேயே கிழவியானார்கள்.

அதனால்தான் வீடுகள் இருக்கின்றன. இடித்துப் புதிதாகக் கட்ட உரிமையாளர் அங்கே இல்லை. வான்கூவரிலும் சிகாகோவிலும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். யுனெஸ்கோ விண்ணப்பத்துக்கு முன் உள்ளூர் அரசு அவர்களைத் தேடிப்பிடித்துப் பல கோபுரங்களைப் பராமரிப்புக்காகத் தன்வசம் ஒப்படைக்கச் செய்தது. சொத்து அவர்களுடையதே, பாதுகாப்பும் பழுதும் அரசு பொறுப்பு. நல்ல ஏற்பாடு என்பேன். வெளியூரில் இருக்கும் மகன் வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து ஃபிளாட்டில் கொடுத்துவைத்திருக்கும் நம்மவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆனால் பட்டியலில் வராத கோபுரங்களே அதிகம். செடி முளைத்து, கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிர்வதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

போக விரும்புவோருக்கு: குவாங்சோவிலிருந்து பேருந்து உண்டு. 2018 முதல் கைபிங் தெற்கு என்ற அதிவேக ரயில் நிலையமும் இருக்கிறது. கிராமங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளி இருப்பதால் ஒரு நாளைக்கு டாக்ஸி பேசிக்கொள்வது நல்லது. கூட்டுச் சீட்டு வாங்கினால் செலவு குறையும். நவம்பர், டிசம்பரில் மழை இல்லை. ஜிலியைக் காலையிலேயே முடித்துவிட்டு, பகல் முழுவதும் மாசியாங்லோங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். சைவர்கள் கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போகவும். கோபுரப் படிகள் செங்குத்து, வெளிச்சமும் குறைவு. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே களத்தில் முதியவர்களோடு உட்கார்ந்துகொள்ளலாம், நாற்காலி தருவார்கள்.